கடாரத்து நீலப் பாசிமணிகள்: நிறம் எங்கிருந்து வந்தது?

பழைய கடாரமான கெடாவில், செமிலிங், மெர்போக், பீடோங் வட்டாரத்து மண் தோட்டத்து மக்களுக்கு ரப்பர் விளைந்த மண். தொல்லியலாளர்களுக்கு அது பூஜாங் பள்ளத்தாக்கு. குனோங் ஜெராய் மலையடிவாரத்திலிருந்து மெர்போக், மூடா ஆறுகளின் கழிமுகம் வரை விரியும் இந்தப் பகுதியில் செங்கல் அடித்தளங்களும், புக்கிட் பத்து பாகாட்டில் சண்டி எனப்படும் கருங்கல் கோயிலும், செமிலிங்குக்கு அருகே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் கசடும் வெளிப்பட்டிருக்கின்றன. இவற்றின் நடுவே எளிதில் கண்ணில் படாத ஒரு பொருளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது. கடுகு முதல் மிளகு வரையான அளவில் உள்ள கண்ணாடிப் பாசிமணிகள்தாம் அவை. மூடா ஆற்றங்கரைச் சுங்கை மாஸிலும் மெர்போக் அருகே பெங்காலான் பூஜாங்கிலும் இவை மிகுதி.

சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, நீலம் என ஒவ்வொரு மணியும் ஒரே நிறம் கொண்டது. நீலத்தில் மட்டும் இரண்டு வகை தென்படுகின்றன. ஒன்று வான்நீலம், பெரும்பாலும் செம்பு தந்த நிறம். மற்றொன்று, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் கருநீலம். இந்தக் கருநீலத்தைத் தருவது கோபால்ட் ஆக்சைடு. பழங்காலத்தில் அது கிடைத்த இடங்கள் மிகச் சில. எனவே மணிகளைச் செய்தவர் யார் என்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது: அந்த நீலம் எந்த நிலத்திலிருந்து வந்தது? இதற்குச் சொல்லப்பட்ட விடைகளையும், அவை நிற்கும் தளத்தையும், அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

ஒரு கிராமின் வலிமை

கோபால்ட் ஆக்சைடு தூளாக இருக்கும்போது நீலமாக இருப்பதில்லை. ஒரு வகை கறுப்பு. மற்றொரு வகை சாம்பலும் பச்சையும் கலந்தது. உருகிய கண்ணாடியில் கரைந்து, கோபால்ட் அயனியைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் அமையும்போதுதான் அது மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உறிஞ்சி நீலத்தை வெளியே விடுகிறது. ஆழ்ந்த சிவப்பின் ஓர் ஓரத்தையும் அது தடுப்பதில்லை. அதனால்தான் மணிக்கற்களைச் சோதிப்போர் பயன்படுத்தும் செல்சீ வடிகட்டி வழியே பார்த்தால் கோபால்ட் நீலக் கண்ணாடி சிவந்து தெரியும்; செம்பு நீலம் அப்படித் தெரியாது.

இதன் நிறமேற்றும் ஆற்றல் அசாதாரணமானது. நூற்றுக்கு 0.05 பங்கு இருந்தாலே தெளிவான நீலம் கிடைத்துவிடும். கணக்கிட்டால், ஒரு கிராம் கோபால்ட் ஆக்சைடு சுமார் 2 கிலோ கண்ணாடிக்குப் போதும். 3 மில்லிமீட்டர் பாசிமணி ஒன்று ஏறத்தாழ 35 மில்லிகிராம் எடை என்று கொண்டால், அந்த ஒரு கிராமில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் நீலமாகும். தாது தூய ஆக்சைடு அல்ல என்பதால் நடைமுறையில் கூடுதல் அளவு தேவைப்பட்டிருக்கும். அப்படியும் ஒரு பட்டறையின் பல ஆண்டுத் தேவையை ஒரு சிறு பையில் எடுத்துச் சென்றுவிடலாம்.

இக்கேள்வியின் சிக்கலெல்லாம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கண்ணாடி பாரமானது. அது உருக்கப்பட்ட இடத்தில் உலையும் கசடும் உடைசலும் தடயமாக நிற்கும். அதன் நிறமோ சிறு பையில் கடல் கடக்கும், தடயம் வைக்காது.

அரிக்கமேட்டை மையமாக வைத்த விடை

முதல் விடை புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டிலிருந்து வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்து 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும் அங்கே அகழ்ந்தனர். வீலரின் கவனம் பெரும்பாலும் ரோமானிய வணிகத்தின் மேல் இருந்தது. அரிக்கமேட்டைப் பாசிமணித் தொழிலின் தாயகமாக நிறுவியவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ். 2002இல் வெளிவந்த ஆசியக் கடல்வழி மணி வணிகம் பற்றிய நூலில் அவர் தம் கருத்தைத் தொகுத்தார். அதன்படி, கண்ணாடியைக் குழலாக இழுத்து வெட்டும் நுட்பம் அரிக்கமேட்டில் வளர்ந்தது. பின்னர் அங்கிருந்த கைவினைஞர்கள், அல்லது அவர்களின் நுட்பம், இலங்கையின் மாந்தைக்கும் தாய்லாந்தின் குலோங் தோமுக்கும் வியட்நாமின் ஓக் எயோவுக்கும் கெடாவின் சுங்கை மாஸுக்கும் பரவின.

இந்த விடையின் பெரும் பலம் ஓர் உயிருள்ள சான்று. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே நுட்பம் நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுகிறார்கள். அதனுள் துளை விட்டு, உலையின் வாயிலிருந்து கண்ணாடியைக் கொக்கியால் பற்றி மெல்லிய குழலாகத் தொடர்ந்து இழுக்கிறார்கள். ஆறிய குழல்களைக் கட்டாக வைத்துக் கத்திமேல் நறுக்கி, துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குகிறார்கள். கூர் மழுங்கி மணி உருண்டையாகிறது. சாம்பல் துளைக்குள் புகுந்து நிற்பதால் துளை அடைபடாது. பூஜாங் பள்ளத்தாக்கின் மணிகளும் இப்படிச் செய்யப்பட்டவையே என்பதைக் கண்ணாடிக்குள் துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடும் குமிழிகள் காட்டுகின்றன.

பலவீனமும் இதிலேயே இருக்கிறது. நுட்பம் ஒன்றாக இருப்பதால் மூலப்பொருளும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. மேலும், அரிக்கமேட்டில் மணி இழுத்ததற்குச் சான்று உண்டு. மணலையும் காரத்தையும் உருக்கிப் புதிதாகக் கண்ணாடி ஆக்கியதற்கு அதே உறுதியான சான்று இல்லை. இலங்கையின் கிரிபாவவில் மூலக் கண்ணாடி ஆக்கிய உலைகளின் எச்சம் கிடைத்த பிறகு, தாயகம் ஒரே ஊர் என்ற எண்ணம் மேலும் தளர்ந்தது. தமிழ்நாட்டிலும் பொருந்தல், கொடுமணல், கீழடி முதலிய தளங்கள் கண்ணாடி மணிகளை ஏராளமாகத் தந்த பின், அரிக்கமேடு பல மையங்களில் ஒன்றாகவே தோன்றுகிறது.

மலேசியத் தமிழ் வாசகர்களிடையே இந்த விடை சோழரோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் உண்டு. அங்கே நிதானம் வேண்டும். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டை ஒட்டியது. பாசிமணி வணிகமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. படைக்கு நெடுங்காலம் முன்பே வணிகரும் கைவினைஞரும் வந்து போன கடல்வழி இது. அவர்களின் பங்கைப் போர்ப்பெருமைக்குள் அடக்குவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

மேற்கின் உடைந்த கண்ணாடி

1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் களஆய்வு செய்தபோது அவர் தேடியது இந்தியக் குடியேற்றத்தின் அலைகளை. மணிகள் அவருக்குத் துணைச் சான்றே. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் புக்கிட் பத்து பாகாட் சண்டியை மீட்டெழுப்பிய அலஸ்டேர் லாம்ப்தான் மணிகளைத் தனிப் பொருளாக எடுத்து எழுதினார். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானோடு மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும் கிடைத்தன. உடைந்த கண்ணாடியையே சரக்காகக் கொண்டுவந்து இங்கே உருக்கி மணி செய்திருக்கலாம் என்ற விடை இதிலிருந்து பிறந்தது.

நிறத்தைப் பொறுத்தவரை இது கவர்ச்சியான விடை. ஈரானின் காஷான் நகருக்கு அருகே உள்ள கம்சார் கோபால்ட்டுக்குப் பெயர்போனது. காஷானின் ஓடு வனைவோர் குடும்பத்தில் வந்த அபுல் காசிம் 1301இல் எழுதிய ஏட்டில் அத்தாதுவைக் குறிப்பிடுகிறார். மேற்காசியக் கண்ணாடியே மூலம் என்றால், அதற்குள் கரைந்திருந்த கோபால்ட்டும் அதோடு வந்துவிட்டது. தனி விளக்கம் தேவையில்லை.

ஆனால் வேதியியல் இதற்கு முழுமையாக இடம் கொடுக்கவில்லை. மேற்காசியக் கண்ணாடி தாவரச் சாம்பலால் ஆனது. அதில் மக்னீசியாவும் பொட்டாசும் கூடுதலாக இருக்கும். தெற்காசியாவோடு தொடர்புடைய மணிக் கண்ணாடியின் கையெழுத்து அலுமினா. ரோமானியக் கண்ணாடியில் அது பொதுவாக நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு. இந்தக் கண்ணாடியில் 5 பங்குக்கு மேல் தொடங்கி இரட்டை இலக்கம் வரை போகும். கருங்கல் தேய்ந்து உண்டான மணலையும் உவர்மண் காரத்தையும் சேர்த்து உருக்கினால் வரும் அளவு அது. தென்கிழக்காசியத் தளங்களின் சிறு ஒற்றைநிற மணிகளில் பெரும்பகுதி இந்த உயர் அலுமினா வகை. எனவே மேற்கின் உடைசல் சில மணிகளுக்கு, அதிலும் பிற்கால மணிகளுக்கு, மூலமாக இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் அது விளக்காது.

சுங்கை மாஸில் செய்தவை

மூன்றாவது விடை மலேசிய ஆய்வாளர்களுடையது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நிக் ஹசான் சுஹைமி, சுலிஸ்கண்டார் ரம்லி முதலியோர் சுங்கை மாஸ் மணிகளை எக்ஸ்-கதிர் முறையில் பகுத்தாய்ந்து, மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்று வாதிட்டனர். மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் வேலைக் கழிவுகளும் கிடைப்பது இதன் முதன்மையான ஆதாரம். விற்பனைக்கு வந்த சரக்கில் கழிவு இருக்காது. வேலை நடந்த இடத்தில்தான் இருக்கும்.

இந்த வாதம் உறுதியானது. தமிழ் வாசகர்கள் இதைத் தங்கள் மரபுக்கு எதிரானதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சுங்கை பத்துவின் இரும்பு உலைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் அகழ்ந்து வருகிறார்கள். அவற்றின் மிகத் தொன்மையான காலக்கணிப்பு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இந்த வட்டாரத்தில் நெருப்பை ஆளத் தெரிந்த தொழிலாளர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

பலவீனம் எங்கே என்றால், மணி இழுப்பதும் கண்ணாடி ஆக்குவதும் வெவ்வேறு தொழில்கள். கட்டியாக வந்த கண்ணாடியை மறுபடி உருக்கி இழுக்க மணலும் காரமும் தேவையில்லை, கோபால்ட்டும் தேவையில்லை. இரும்பு உருக்கத் தெரிந்ததால் கண்ணாடியும் ஆக்கினார்கள் என்று தாவ முடியாது. பொதுவாகச் சாதாரண எக்ஸ்-கதிர் முறை மணியின் மேற்பரப்பை ஒட்டியே படிக்கிறது. ஆயிரம் ஆண்டு ஈர மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பில் காரம் கரைந்து போயிருக்கும். கோபால்ட்டோடு தாதுவில் கூடி வரும் துணைத் தனிமங்களோ மிக நுண்ணிய அளவில் இருப்பவை.

கண்ணாடி வேறு, நிறம் வேறு

கேள்வியின் உருவத்தையே மாற்றியது லேசர் முறை. மணியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலத்தில் லேசர் ஒரு குழியிடுகிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஆவியான துகளை நிறைமானி ஐம்பதுக்கு மேற்பட்ட தனிமங்களாகப் பிரித்து அளக்கிறது. லோர் துசுபியூ, பெர்னார் கிராத்தூஸ், ஜேம்ஸ் லாங்க்டன் ஆகியோர் இந்த வழியில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய பல தளங்களின் மணிகளை ஒப்பிட்டனர். யுரேனியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு உயர் அலுமினாக் கண்ணாடியே பல உள்வகைகளாகப் பிரிந்தது. தென்னிந்தியா, இலங்கையோடு தொடர்புடையது ஒன்று. இந்திய மேற்குக் கரையோடு தொடர்புடைய பிற்கால வகை இன்னொன்று. இவற்றுக்கு வெளியே, தென்கிழக்காசியாவிலும் தென்சீனத்திலும் பரவிய பொட்டாசுக் கண்ணாடி தனி இனம். பழைய கருநீல மணிகளில் கணிசமானவை அந்த இனத்தைச் சேர்ந்தவை.

இதன் விளைவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதுவரை பேசப்பட்ட மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. அரிக்கமேட்டு விடை நுட்பத்தைப் பற்றியது. மேற்காசிய உடைசல் விடை கண்ணாடியைப் பற்றியது. சுங்கை மாஸ் விடை வேலை நடந்த இடத்தைப் பற்றியது. கோபால்ட்டின் பிறப்பிடத்துக்கு இவற்றில் எதுவும் நேரடியாக விடை சொல்லவில்லை. ஒரே மணியில் தென்னிந்திய நுட்பமும் இலங்கைக் கண்ணாடியும் வேறொரு நாட்டு நிறமும் கெடாத் தொழிலாளியின் கையும் சேர்ந்திருக்க எந்தத் தடையும் இல்லை.

துணைத் தனிமங்களின் சாட்சி

கோபால்ட் தன் ஊரைத் தானே சொல்லாது. ஈயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். கோபால்ட்டுக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே, 59. ஒப்பிட இரண்டாவது இல்லாததால் அந்த வழி முழுவதும் அடைபட்டிருக்கிறது. கோபால்ட்டோடு தாதுவில் கூடி வந்தவற்றையே விசாரிக்க வேண்டும்.

எகிப்தின் புதிய அரசுக் காலத்துக் கருநீலக் கண்ணாடியில் கோபால்ட்டுடன் துத்தநாகமும் நிக்கலும் மாங்கனீசும் வருகின்றன. மேற்குப் பாலைவனச் சோலைகளின் படிகார மண்ணை அவை சுட்டுகின்றன. கம்சார் தாது ஆர்செனிக் கொண்டது. ஜெர்மனியின் சாக்சனி மலைச் சுரங்கத் தாதுவிலும் ஆர்செனிக் உண்டு. 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய நீலக் கண்ணாடியில் அது தெளிவாகத் தெரிகிறது. சீனப் பீங்கானில் வேறொரு திருப்பம் காண்கிறோம். யுவான் காலத்து நீலத்தில் இரும்பு மிகுதி, மாங்கனீசு குறைவு; அது மேற்கிலிருந்து வந்த நிறம் என்பது பெரும்பாலோர் கருத்து. பிற்காலத்துச் சீன உள்நாட்டு நீலத்தில் மாங்கனீசு மிகுதி.

தென்னிந்திய, தென்கிழக்காசியக் கருநீல மணிகளில் பல இந்தக் கடைசி வகையையே நினைவூட்டுகின்றன: மாங்கனீசு கூடுதல், ஆர்செனிக் மிகக் குறைவு. தாதுவியலில் இது அஸ்போலேன் எனப்படும், வெப்பமண்டலத்தில் பாறை மட்கி உண்டாகும் கறுப்பு மாங்கனீசு மண்ணைச் சுட்டுகிறது. தென்சீனத்திலும் தென்கிழக்காசிய நிலப்பகுதியிலும் அத்தகைய படிவுகள் உண்டு. இந்தியாவில் வரலாற்றில் பேர்பெற்ற கோபால்ட் ராஜஸ்தானின் கேத்ரி வட்டாரத்தது. ஜெய்ப்பூர் மீனாக்காரி வேலையில் அது பயன்பட்டதை 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆனால் அது ஆர்செனிக், கந்தகம் கலந்த தாது. மாங்கனீசு மிகுந்த மணிகளோடு எளிதில் பொருந்துவதில்லை.

ஆகவே நீலம் கிழக்கிலிருந்து வந்து, தெற்காசியக் கண்ணாடியில் கலந்ததா? இந்தக் கருத்துக்கு ஆதரவு கூடிவருகிறது. நானும் இதன் பக்கம் சாய்கிறேன். இருந்தாலும் மூன்று தடைகள் உண்டு. மாங்கனீசைக் கண்ணாடித் தொழிலாளர்கள் வேறு காரணத்துக்காகத் தனியாகவும் சேர்ப்பார்கள். மணியில் உள்ள மாங்கனீசு முழுவதும் கோபால்ட்டோடு வந்தது என்று சொல்ல முடியாது. ஆர்செனிக் எளிதில் ஆவியாகும். தாதுவை முன்கூட்டி வறுத்திருந்தால் அதன் தடயம் பெரிதும் குறைந்துவிடும். மூன்றாவது தடைதான் மிகக் கடினம்: பழைய கண்ணாடியை மறுபடி மறுபடி உருக்கிக் கலக்கும் வழக்கம். இரண்டு ஊர் நீலங்கள் ஓர் உலையில் சேர்ந்தால் விகிதங்கள் எந்த ஊரையும் காட்டா.

இன்றைய கோபால்ட் ஆக்சைடு

1735ஐ ஒட்டி ஸ்வீடனின் ஜியார்ஜ் பிராண்ட் கோபால்ட்டைத் தனி உலோகமாக இனம் காணும்வரை, நீலத்துக்குக் காரணம் பிஸ்மத் என்றே பலர் நம்பினர். அதன்பின் ஆக்சைடின் பயன் நிறத்தைத் தாண்டியது. எஃகுத் தகட்டின் மேல் எனாமல் ஒட்டி நிற்க அடிப்பூச்சில் சிறிது கோபால்ட் ஆக்சைடு சேர்க்கிறார்கள். தோட்டத்து வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கிய எனாமல் மங்குகளும் தட்டுகளும் அந்த வகைத் தொழிலில் வந்தவை. சூளையின் சுடரைப் பார்க்கும் தொழிலாளியின் நீலக் கண்ணாடியிலும் அதுவே. கோபால்ட் உப்புகள் ரேடியல் டயரில் பித்தளை பூசிய எஃகு இழையையும் ரப்பரையும் பிணைக்கின்றன. ரப்பர் நாடான கெடாவுக்கு இது அந்நியச் செய்தி அல்ல.

பெரிய மாற்றம் மின்கலத்தில் வந்தது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை மின்முனையாகக் காட்டினர். 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இச்சேர்மத்தின் எடையில் 60 விழுக்காடு கோபால்ட். மணிக்கு மில்லிகிராமில் சிறு பங்கு போதுமாக இருந்த பொருள், இன்று ஒரு கைப்பேசிக்குச் சில கிராம் தேவைப்படுகிறது. சுரங்கத்திலிருந்து வருவதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடு, கொங்கோ ஜனநாயகக் குடியரசுடையது. கைக்கருவிகளால் தோண்டும் ஏழைத் தொழிலாளர்களும் குழந்தைகளும் அதில் அடக்கம் என்பது உலகறிந்த வேதனை.

சுத்திகரிப்பு ஆலையில் பல சுரங்கத் தாதுக்கள் ஒன்றாகக் கரைகின்றன. ஐசோடோப்பு ஒன்றே என்பதால், கலந்தபின் வேதியியல் சோதனையால் மட்டும் பிறப்பிடத்தை மீட்பது மிகக் கடினம். 2027 பிப்ரவரி முதல் மின்வாகன மின்கலங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கும் மின்கலக் கடவுச்சீட்டு, சுரங்கம் முதல் ஆலை வரையான ஆவணங்களை நம்பியே நிற்கிறது. சுங்கை மாஸ் மணிகளை ஆராய்வோருக்கு அப்படி எந்த ஆவணமும் இல்லை. விகிதங்கள் மட்டுமே உண்டு.

எது தெளிவு, எது திறந்திருக்கிறது

சுங்கை மாஸில் மணி இழுக்கப்பட்டது என்பதை ஏற்கப் போதிய காரணம் இருக்கிறது. கண்ணாடியின் பெரும்பகுதி தெற்காசியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் வலுவான கருத்து. ஆனால் அது கட்டியாக வந்ததா, ஆயத்த மணியாக வந்ததா என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கலாம். கோபால்ட்டைப் பொறுத்தவரை, மாங்கனீசு மிகுந்த ஓர் ஆசிய மூலம் என்பதற்கு மேல் இன்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. கெடா மணிகளுக்கு உரியது என்று காட்டத்தக்க சுரங்கம் எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை.

முன்னேற்றம் இரண்டு திசைகளிலிருந்து வர வேண்டும். ஒன்று, தாதுக்களின் பக்கம். மணிகளை அளந்த அளவுக்குத் தென்சீனம், இந்தோசீனம், தக்காணம் ஆகிய இடங்களின் மாங்கனீசு மண்படிவுகள் அதே நுண்மையோடு அளக்கப்படவில்லை. இரண்டாவது, மணிகளின் பக்கம். மேற்பரப்பில் பொறுக்கிய மணிக்குக் காலம் சொல்ல முடியாது. மண்ணடுக்கோடு எடுத்த மணி ஒன்று அப்படிப்பட்ட நூறு மணிகளை விட மதிப்புடையது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டபோது பேசப்பட்டது செங்கல்லைப் பற்றியே. செங்கல்லோடு சேர்ந்து அடுக்குகளும் கலைந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று இனிக் கேட்க இயலாது. சுங்கை மாஸில் குடியிருப்பு வீடுகளுக்கு அடியில் தோண்டப்படாத அடுக்குகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த அகழ்வில் கருநீல மணிகளோடு கழிவுக் கண்ணாடியும் ஒரே அடுக்கில் கிடைத்து, இரண்டிலும் கோபால்ட், மாங்கனீசு, நிக்கல், ஆர்செனிக் விகிதங்கள் லேசர் முறையில் அளக்கப்பட்டால், நிறம் கட்டியோடு வந்ததா, கெடாவில் சேர்க்கப்பட்டதா என்ற ஒரு கேள்வியையாவது தீர்க்க முடியும்.